காய்ச்சலுக்கு நாக்கில்லை

கடல் மூன்று பக்கமும் காவல் நிற்க, கழிமுகத்து அலைகள் வாயிலில் வணங்கிச் செல்ல, தாழைநாட்டு அரியணையில் வீற்றிருக்கும் பூவனமாதேவி, உவர்க்கரைத் துறையின் தலைவரும் நம் முன்னோர் காலந்தொட்டு உப்பளங்களைக் காத்துவரும் குடியில் வந்தவருமான சாத்தங்கண்ணனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் குறையாதிருக்க. உம் அளங்களில் உப்பு வெளுத்து விளைக. உம் மக்கள் நடுக்கமின்றி உறங்குக.

இந்தக் கடைசி வாழ்த்தை வழக்கத்துக்காக எழுதவில்லை. உம் மக்கள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

மருத்துவர் கூத்தன் பரிதியைச் சிறையில் வைத்திருப்பதாகவும், நாள் தவறாமல் விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு அவர் செய்த குளிகைகளை எல்லாம் வரும் அமாவாசையன்று கடற்கரையில் எரிக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர். அவர் குற்றத்துக்குச் சான்றாக ஒரு சிமிழ் குளிகைகளையும் முத்திரையிட்டு அனுப்பியிருந்தீர். ஓலையைப் படித்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டோம். அதை இசைவு என்று அவையோர் எடுத்துக்கொண்டனர். அது சினம் என்பதை இப்போது அறிவார்கள்.

அகிற்குடத்தார் மருந்துமனையின் முதல்வர் காடுகளில் அலைந்து, பட்டைகளை இடித்துத் தாமே உண்டு பார்த்து, இக்காய்ச்சலைத் தணிக்கும் குளிகையைக் கண்டார். அந்த உழைப்புக்கு நம் தந்தையார் உரிய சிறப்புச் செய்தார். அரண்மனை முற்றத்தில் ஒரு பனைவிதை ஊன்றப்பட்டது. அது வளர்ந்து முதற்பாளை விடும் நாள்வரை அக்குளிகையை அகிற்குடத்தார் அன்றி வேறெவரும் செய்யலாகாது. பாளை விட்டதும் அவர்கள் அரசிடம் ஒப்படைத்த செய்முறையைச் சந்தையில் பறையறைந்து படிக்கவேண்டும். அதன்பின் கைத்திறன் உள்ள எவரும் செய்யலாம். கண்டவருக்கும் ஊதியம் உண்டு, காத்திருந்தவருக்கும் மருந்து உண்டு. இந்த வழக்கத்தில் நாம் குறை காணவில்லை.

அந்தப் பனை பாளை விட்டது. செய்முறை படிக்கப்படவில்லை. ஏனெனில் பாளை விடுமுன்பே அகிற்குடத்தார் அதே குளிகையைத் தேனில் தோய்த்துக் கொண்டுவந்து, இது புதுமருந்து என்றனர். அரசர் உணவில் நஞ்சு காண ஏற்பட்ட நம் சுவைகாண் அவையம், கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் நாவில் வைத்துப் பார்த்து, சுவை வேறு, ஆகவே மருந்து வேறு என்று தீர்ப்பளித்தது. இரண்டாம் விதை ஊன்றப்பட்டது. புது உரிமை நடக்கும் வரை பழைய செய்முறையும் பெட்டியிலேயே கிடக்கட்டும் என்றனர். சென்ற ஆண்டு ஓமம் சேர்த்து வந்தனர். மூன்றாம் விதையும் ஊன்றப்பட்டது. அடிசிற்சாலையின் வழக்கத்தைக் கொண்டு நோயாளியின் உயிரை அளந்த மூடத்தனம் நம் நாட்டில் அன்றி வேறெங்கு நடக்கும்!

கூத்தன் பரிதி பட்டையைத் தாமே வடித்துப் பழகித் தேனுமின்றி ஓமமுமின்றிப் பழைய கசப்புக் குளிகையையே செய்தார். அகிற்குடத்தார் ஒரு குளிகைக்கு ஒரு மூட்டை உப்பு கேட்க, இவர் ஒரு படிக்குக் கொடுத்தார். அதற்காகவே சிறைசென்றார். இவரைத் தண்டிக்காவிடில் நாளை எவர் புதுமருந்து தேடுவார் என்று கேட்டிருந்தீர். தேடியவருக்கு முதற்பனை முழுதும் கொடுத்தாயிற்று. தேன் எங்கே கிடைக்கும் என்று தேடியதற்குமா ஒரு பனை?

உம் துறையிலிருந்து உப்பளக்காரி வெள்ளச்சி நடந்தே வந்து அவையில் முறையிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுத ஓலைநாயகத்துக்குக் கட்டளையிட்டுள்ளோம்: “ஏந்தாயி, காய்ச்சலுக்கு நாக்கா இருக்கு, தேனா ஓமமான்னு ருசி பாக்க? எம் புருசன் சாக்குக்குள்ள சுருண்டு கெடந்து நடுங்குறான். பரிதி வைத்தியர் குடுத்த பாதி மருந்துல எந்திரிச்சு உக்காந்தான். மீதியத்தான் உங்க தொறைக்காரரு பூட்டி வெச்சிருக்காரு.” அங்கிருந்த அகிற்குடத்து ஆதிநம்பியார், ஓமத்தின் நயம் உப்பளத்தாருக்கு எங்ஙனம் விளங்கும் என்று நகைத்தார். அவளோ திரும்பி, “சாமி, நீங்க திங்குற சோத்துக்கே ருசி எங்கையிலேருந்துதான் வருது” என்றாள். சுவைகாண் அவையத்தாரே சிரித்துவிட்டனர். ஆதிநம்பியார் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை, அவள் கணவன் இன்னும் சாக்குக்குள் கிடக்கிறான் என்பதே எம் நெஞ்சில் நின்றது.

இனி ஆணை.

இவ்வோலை கண்டதும் கூத்தன் பரிதியை விடுவித்து, சிறைவாயிலில் நீரே நின்று வணங்கி அனுப்புக. பூட்டிய குளிகைகளில் ஒன்றும் எரியலாகாது. வெள்ளச்சியின் குடிசையில் தொடங்கி, நடுங்கும் வீடுதோறும் உம் காவலரே கொண்டுசென்று கொடுக்க. முதற்பனையின் செய்முறையை இதனுடன் வைத்துள்ளோம். உம் சந்தையில் பறையறைந்து, காது மந்தமானவருக்கும் கேட்கும்படி படிக்க. எல்லாத் துறைகளிலும் மருத்துவர்கள் செய்யட்டும். ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலை தாழ்த்தட்டும். இனிப் புதுமருந்து என்று வருவோர், பழையதற்கு அடங்காத நோய் அதற்கு அடங்கியதைக் காட்டவேண்டும். சுவைகாண் அவையம் சமையலறைக்குத் திரும்புக.

மூன்றாம் விதையைத் தோண்டச் செய்தோம். கிழங்கு விட்டிருந்தது. அதை அவித்து ஆதிநம்பியார் மனைக்கு அனுப்பினோம். சுவை புதிதா என்று அவர் பார்க்கட்டும்.

நீர் அனுப்பிய சான்றைத் திருப்பி அனுப்ப இயலாததற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளச்சி முறையிட்ட மறுநாள் எம்மையும் அதே காய்ச்சல் பற்றியது. அரண்மனை மருத்துவர் ஓமக்குளிகையை நீட்டினார். நாம் உம் முத்திரையை உடைத்துச் சிமிழைத் திறந்தோம். மிகக் கசப்பு. முறைப்படி நேற்று வரவேண்டிய காய்ச்சல் வரவில்லை.

சான்று இப்போது எம் உடம்பில் இருக்கிறது. அதை எரிக்க விரும்பினால் நேரில் வருக.

தாழைமடல் முத்திரையும், நடுங்காத கையால் எம் ஒப்பமும் இட்டோம்.

பூவனமாதேவி