கேப்டனின் வெள்ளைக் கார்

மார்ச் 3, செவ்வாய்

இரண்டாவது கியர் இன்றும் கடித்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்க்காரர் என் காரைப் பார்த்து, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உச்சுக்கொட்டினார். பதினோரு வருஷமாக நான் ஓட்டுகிற வண்டி. மானம் போனது.

மதியம் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். கிளட்ச், டர்போ, கியர்பாக்ஸ் மூன்றிலும் கை வைக்க வேண்டுமாம். "செய்யலாம்மா. ஆனா செஞ்சு முடிச்சா சிவப்பு பெயின்ட் மட்டும்தான் உங்களோடதா இருக்கும்" என்றார்.

சரி செய்வதா, மாற்றுவதா? ராத்திரி என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கார் என்றால் சாப்பாட்டை ஆறவிட்டுப் பேசுகிற மனுஷன், "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். என்னவோ.

மார்ச் 8, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வழக்கமான பெட்ரோல் பங்க். ஆறு கார்கள். வெளியே பார்த்தால் மளிகை வாங்கப் போகிற குட்டி வண்டிகள். மிதித்தால் பெரிய பெரிய கார்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போகும். ஹாட் ஹேட்ச் என்று ஒருவன் சொல்ல ஆரம்பித்தால் மற்ற ஐந்து பேருக்கும் கண் பளபளக்கும். நானும் அவரும் சந்தித்ததே இந்தக் கூட்டத்தில்தான்.

ஆனால் வர வர இந்த ஆண்களின் பேச்சைக் கேட்டால் காது கூசுகிறது. நான் கார் மாற்றப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு வைத்தியம். "உங்களுக்கு ஆட்டோமேடிக்தான் சிஸ்டர் வசதி" என்கிறார் பல் டாக்டர். இரண்டு தடவை கிளட்ச்சைக் கருக்கிய பெருமான்!

அப்போதுதான் கேப்டன் தன் வெள்ளைக் காரை விற்கப் போவதாகச் சொன்னார். டைல்ஸ் கடைக்காரர் அவர். ஊர்வலமாகப் போகும்போது முதல் ஆளாகப் போவதால் கேப்டன். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல. நீ எடுத்துக்கறேன்னா சந்தோஷமா குடுப்பேன் தங்கச்சி. ஒரு கீறல் பட்டதில்ல" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். வளைவில் திருப்பியபோது அது திரும்பிய விதம் இருக்கிறதே — நான் நினைத்து முடிப்பதற்குள் அது போய் நின்றது. இறங்கவே மனசில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் தள்ளி நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, திங்கள்

ஆஸ்பத்திரியில், என் பிசியோதெரபி அறையில், ஒரு பாட்டியம்மாவின் முழங்காலை மடக்கி நீட்டும்போது மனதுக்குள் மூன்றாவது கியர் போட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது.

மார்ச் 11, புதன்

"வெள்ளை சீக்கிரம் அழுக்காகும்" என்கிறார் வீட்டுக்காரர். "அந்த மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்காது" என்கிறார். கிடைக்கும் என்று காட்டினேன். "அப்ப உன் இஷ்டம்" என்கிறார்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே? மென்று முழுங்குகிறார். எரிச்சலாக வருகிறது.

மார்ச் 14, சனி

கேப்டன் இரண்டு நாளைக்கு வண்டியைக் கொடுத்திருந்தார். "மெக்கானிக்லாம் எதுக்கு, நம்ம வண்டிதானே?" என்று சிரித்தார். பழக்கதோஷம், நான் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் சாவியைத் திருப்பினார். அணைத்தார். மறுபடி திருப்பினார். நாலு தடவை.

"இங்க பாருங்க. இந்த ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, கொஞ்ச நேரத்துல தானா அணையணும். இது இன்ஜின ஸ்டார்ட் பண்ற வரைக்கும் எரியுது. பக்கத்துல ஆயில் விளக்கு அணையற அதே நொடியில இதுவும் அணையுது. ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்காங்க."

"எதுக்கு?"

பதில் சொல்லாமல் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நேரம் விட்டு, ஸ்டீயரிங்கின் நடு மூடியை நெம்பினார். உள்ளே ஏர்பேக் இல்லை. மூடி ஆடிச் சத்தம் போடாமலிருக்க ஒரு மஞ்சள் துடைப்புத் துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். பக்கத்து இருக்கைக்கு எதிரிலும் வெறும் பலகைதான்.

"பெருசா அடிபட்ட வண்டிம்மா. முன்பக்கம் மொத்தமும் பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிருக்கு. நல்லா அடிச்சிருக்கான், அத மறுக்கல."

துணியில் எண்ணெய் வாடை. முகம் போய் மோதும் இடத்தில் அழுக்குத் துணி. வாசலுக்குப் போய்க் காறித் துப்பினேன்.

மார்ச் 15, ஞாயிறு

விடிந்ததும் கேப்டன் கடைக்கே போனேன். வண்டிச் சாவியைக் கல்லாமேல் வைத்து, "கீறல் படாத வண்டியில ஏர்பேக் எங்கண்ணே போச்சு?" என்றேன்.

கொஞ்சம்கூட அசரவில்லை. டைல்ஸ் ஒன்றை எடுத்து ஊதித் துடைத்துக்கொண்டே, "என்னக் கேட்டா? உன் வீட்டுக்காரரக் கேளும்மா" என்றார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. பற்பசை விளம்பரம் மாதிரி அத்தனை பல்லும் தெரிகிற சிரிப்பு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் வேட்டி மடித்துக்கொண்டிருந்தார். கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் முன்னால் கேப்டன் ஓட்டி, மலைப்பாதை வளைவில் சுவரில் மோதிவிட்டாராம். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். இன்ஷூரன்ஸ் முடிந்துபோயிருந்ததால் சத்தமில்லாமல் சரி செய்தார்களாம். "யார்கிட்டயும் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டான். சிநேகிதன். என்ன பண்ணச் சொல்ற?"

"நான் வாங்கறேன்னு சொன்னப்பக்கூடவா?"

"வேணாம்னு சொன்னேனே."

வெள்ளை அழுக்காகும் என்றதுதான் வேண்டாம் என்றதா? கண்றாவி.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

பத்தரை மணிக்கு ஒரு விபத்து நோயாளி வந்தார். பெல்ட் இழுத்த தடம் இடது தோளிலிருந்து குறுக்கே வயிறு வரை, கருநீலம். "டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன் மேடம்" என்றார். அது எனக்கே தெரியும். இடப்பக்கம் உட்கார்ந்தால் பெல்ட் இடது தோளில் இறங்கும். ஓட்டுகிறவருக்கு வலது தோளில்.

கையை அவர் தோளில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் என் வீட்டுக்காரருக்கு உடைந்தது வலது தோளின் காறை எலும்பு. ஆறு வாரம் தினமும் நான்தான் பயிற்சி கொடுத்தேன். மார்பில் குறுக்கே மஞ்சளாய் மங்கிய ஒரு தடம் இருந்தது. கேட்டபோது "லேப்டாப் பை வார் இழுத்துருச்சு" என்றார். ஆயிரம் தோள் பார்த்த கை இது. என் வீட்டுத் தோளை நம்பிவிட்டது.

அந்த நாளும் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய நாள். "ஆபீஸ்ல டிரெய்னிங், நகர முடியாது" என்றார் இவர். நான் ஒருத்தியே வாடகைக் காரில் அப்பாவைக் கூட்டி வந்தேன். சாயங்காலம் கையில் கட்டோடு வந்து, எங்களைப் பார்க்க அவசரமாக ஓடி வரும்போது ஆபீஸ் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். "எனக்காக ஓடி வந்து மாப்ள விழுந்துட்டாரே" என்று அப்பா அழுதார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா முதுகைத் தடவிக்கொடுத்தார்.

தடவிக்கொடுத்தார்!

ஆஸ்பத்திரியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். அவர் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டினது நீ."

மறுக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். அன்றைக்குக் கேப்டனிடம் கெஞ்சி வண்டியை அரை நாள் வாங்கி ஓட்டினாராம். எனக்குத் தெரியக் கூடாது என்று கேப்டன் காலில் விழாத குறையாம். அதற்காகக் கேப்டன் சொன்னபடியெல்லாம் ஆடியிருக்கிறார்.

"சரி. என்னய அந்த வண்டில ஏத்தி உக்கார வெக்கத் துணிஞ்சியே, எப்படி?"

"வாங்கினதுக்கு அப்புறம் நானே ஏர்பேக் மாட்டிரலாம்னு நினைச்சேன். உனக்குத் தெரியாம."

"மாட்டற வரைக்கும்?"

லேப்டாப்பை மூடினார். நான் பாத்ரூமுக்குப் போய்த் திரும்பத் திரும்பக் கை கழுவினேன்.

மார்ச் 18, புதன்

அவர் குடித்த தம்ளரைக் கழுவப் பிடிக்கவில்லை. அப்படியே இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

வாட்ஸ்ஆப் குழுவில் கேப்டன் படம் போட்டிருக்கிறார். வெள்ளைக் காருக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிட்டு, இனி ரோட்டில் வேகமாகப் போக வேண்டும் என்று ஆசையாம். ஞாயிற்றுக்கிழமை நம் எல்லோர் முன்னாலும் சாவி கொடுக்கும் விழா. கைதட்டல் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

பல் டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "தெரியும் சிஸ்டர், அரசல்புரசலா எல்லாருக்கும் தெரியும். அத எதுக்கு இப்ப? நமக்குள்ள இருக்கட்டுமே" என்கிறார். எல்லாருக்கும்! ஒவ்வொரு ஞாயிறும் என் முன்னால் டீ குடித்துக்கொண்டு, டயர் காற்றைப் பற்றி மணிக்கணக்கில் விவாதம் செய்துகொண்டு... இவர்களைத்தான் சிநேகிதர்கள் என்று ஒன்பது வருஷம் நினைத்திருந்தேன். த்தூ.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "அந்தப் பெரியவர்கிட்ட நீ சொல்லணும். நீ சொல்லலேன்னா நான் சொல்வேன். நான் சொன்னா, அதோட நம்ம பேச்சும் முடிஞ்சுது."

"அவன் எல்லாத்தையும் வெளிய சொல்லிருவான். உங்கப்பா வரைக்கும் போகும்."

"போகட்டும்."

மார்ச் 22, ஞாயிறு

தனித்தனியாகப் போனோம். நான் என் சிவப்பில், அவர் பஸ்ஸில்.

கப்பல் சமையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். குள்ளமானவர், பெரிய கைகள். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, பானட்டில் விரல் படாமல் கையை ஓட்டினார். கேப்டன் பேச ஆரம்பித்தார். "நம்ம குடும்பத்துல ஒருத்தரா..."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நான்தான் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"சார், இந்த வண்டிய வாங்காதீங்க."

இவர் குரல். கரகரத்திருந்தது. கேப்டன், "டேய்!" என்றார்.

"இத சுவத்துல மோதினது நான். ரெண்டு ஏர்பேக்கும் கிடையாது. ஸ்டீயரிங்க்குள்ள துணி வெச்சு அடைச்சிருக்கு. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியாம வெச்சிருந்தேன். அவகிட்டயே விக்கப் பாத்தப்பவும் வாய மூடிக்கிட்டிருந்தேன்."

பல் டாக்டர் தன் டீயை உற்றுப் பார்த்தார். கேப்டன் மட்டும், "பொறாமைல பேசறான் சார், அவங்களுக்கு வண்டி கிடைக்கலன்னு" என்று வாய் கூசாமல் சொன்னார்.

சமையல்காரர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அவசரப்படாமல், வரிசையாக. பிறகு, "முப்பது வருஷம் மீனு கெட்டுப்போச்சான்னு மோந்தே சொல்லிருவேன். உங்க இத்தன பேர மோந்து பாக்கத் தெரியலயே" என்றார்.

கேப்டன் கையிலிருந்த சாவியை வாங்கி, கேப்டன் சட்டைப் பையிலேயே போட்டு, இரண்டு தட்டுத் தட்டினார். போகும்போது இவரிடம் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

இவர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் ஏற்றிக்கொள்ளவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

குழுவிலிருந்து எங்கள் இருவரையும் நீக்கிவிட்டார்கள். கேப்டன் ஊரெல்லாம் போன் போட்டு எங்கள் கதையைச் சொல்லித் தீர்த்துவிட்டார்.

அப்பாவிடம் இவரே போய்ச் சொன்னாராம். அப்பா போனில் என்னிடம், "சொல்லிட்டுப் போனாரும்மா" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தது கேட்டது.

உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? வீட்டில் அவர் மெதுவாக நடக்கிறார், கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார். அதுவும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் கெட்டவளா?

மார்ச் 29, ஞாயிறு

ஏழு மணிக்குப் பழக்கத்தில் விழித்தேன். போக இடமில்லை. மறுபடி படுத்தேன்.

ஏப்ரல் 11, சனி

மெக்கானிக் அண்ணன் ஒரு நீல வண்டியைப் பார்த்து வைத்திருந்தார். நாலு வருஷம் ஓடியது, அதே மாதிரி குட்டி, அதே மாதிரி துள்ளல். தரையில் படுத்து, விளக்கு பிடித்து, அடியிலிருந்து நுனி வரை பார்த்துவிட்டு, "இதுல ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார்.

அந்த வண்டி நிற்கிற பழைய கார் ஷோரூமுக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் செருப்போடு நின்றார். "நானும் வரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வாங்க" என்று வந்தது.

ஷோரூம் பெண் சாவியைக் கொடுத்துவிட்டு வழி சொல்ல முன்னால் உட்கார்ந்தாள். மூன்று கதவு வண்டி, பின் இருக்கைக்குத் தனிக் கதவு கிடையாது. இவர் ஆறடி உயரத்தையும் மடித்துப் பின் இருக்கைக்குள் நுழைந்தார். கண்ணாடியில் பார்த்தேன்: முழங்கால் மோவாயில் முட்ட, தலையைச் சாய்த்துக்கொண்டு, சின்னப் பெட்டிக்குள் மடித்துத் திணித்த குடை மாதிரி இருந்தார். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் மிதித்தேன். அந்தப் பெண் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். வண்டி பாய்ந்த பாய்ச்சலில் ஒரு நிமிஷம் — ஒரே ஒரு நிமிஷம் — எனக்கு யார்மேலும் வெறுப்பில்லை. முன்பென்றால் இவரிடமிருந்து கியருக்குக் கியர் கமென்ட் வந்திருக்கும்.

திரும்பி வந்து, எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள், "ஓட்டறவங்க பேருல சாரையும் சேத்துரட்டுமா மேடம்?" என்று கேட்டாள்.

நான் பதில் யோசிப்பதற்குள் இவர், "வேணாம்மா. அவங்க பேரு மட்டும் போடுங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.