துளைமேல் சந்தனப் பொட்டு

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. தீபாவளி முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும். மகள் மாலாவிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.

மருமகன் குணா கேட்ட வேலை பாதியில். அவனுடைய ஆட்கள் தொழிற்சாலைத் தொட்டிகளில் இறங்கிச் சுத்தம் செய்பவர்கள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் கேஸ் டிடெக்டருக்கு ஆங்கிலக் கையேடுதான் உண்டு. அதை அவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

கருவியைப் பார்த்து எழுதலாமென்று கேட்டு வாங்கினால், முகப்பில் சந்தனம், நடுவில் குங்குமம். போன வாரம் ஆயுத பூசையில் லோரி, ஏணி, பம்பு எல்லாவற்றோடும் இதற்கும். கருவியில் நான்கு சிறு துளைகள், ஒவ்வொரு வாயுவுக்கும் ஒன்று. சாக்கடை வாயு நுழைய வேண்டிய துளைமேல் சரியாகப் பொட்டு. காய்ந்து கட்டியாகி.

வைத்தவன் செல்வம். புதுக்கோட்டையிலிருந்து வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்தவன். தொட்டிக்குள் இறங்குபவனும் அவன்தான். திட்ட வாயெடுத்தேன்.

"உள்ள எறங்குனா எனக்கு சாமி இதுதான் டீச்சரம்மா. சாமிக்குப் பொட்டு வைக்காம இருக்கலாமா?"

ஈரத் துணியால் துடைத்தேன். துளை தெரிந்தது.

குணா வந்து சுவிட்சைப் போட்டான். ஆக்ஸிஜன் 20.9. மற்ற மூன்றும் பூஜ்ஜியம். "ஓகே லா அத்தை, எல்லாம் ஸீரோ." குளிக்கப் போய்விட்டான்.

அக்டோபர் 8, புதன்

வெயில். முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தெலுக் பங்லிமா காராங்கில் வேலையாம். கழிவு எண்ணெய்த் தொட்டி. செல்வம் இறங்குவான்.

காலையில் பசியாறும்போது குணாவுக்கு விளக்கினேன். வகுப்பில் பெயர் கூப்பிடுகிறோம். பதில் இல்லை. பையன் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறான் என்றா எழுதுவோம்? வரவில்லை என்று எழுதுவோம். கருவியும் அப்படி. சுத்தக் காற்றிலும் பூஜ்ஜியம், செத்த சென்சாரிலும் பூஜ்ஜியம். டின்னில் அடைத்த சோதனை வாயுவைக் காட்டி, கூப்பிட்டால் கத்துகிறதா என்று தினமும் வேலைக்கு முன் பார்க்க வேண்டும்.

ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினான். கடைசி பெஞ்ச் தலையாட்டல். டீச்சராக இருந்த காலமெல்லாம் பார்த்தது.

டின் எங்கே என்றேன். லோரியில் சீட்டுக்கு அடியில் இருந்தது. தேதி போன வருடமே முடிந்துவிட்டது. அதுவும் காலி.

"யாரு அத்தை டெய்லி பண்றா? அதெல்லாம் கோர்ஸ்ல சொல்வாங்க, அவ்ளோதான்."

அந்தப் பாதுகாப்பு கோர்ஸ் சான்றிதழ் மட்டும் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கண்ணாடிமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

சுபாங் ஜெயாவில் கருவி விற்ற கடைக்குப் போன் போட்டேன். டெக்னீஷியன் சாப்பிடப் போயிருக்கிறாராம். திரும்பவும் போட்டேன். மீட்டிங். அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்புங்க ஆன்டி. எதை அனுப்புவது? பூஜ்ஜியத்தையா?

அக்டோபர் 9, வியாழன்

வானம் மப்பு. கொமியூட்டர் ரயிலில் நானே சுபாங் ஜெயா போனேன். பையில் குடை, தண்ணீர், டிடெக்டர். குணாவுக்குக் கோபம். அத்தைக்கு வேறு வேலை இல்லை என்று மாலாவிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

கடையில் ஒரு சீனப் பெண். மரியாதையான பெண். கருவிக்கு ஒரு மூடியை மாட்டிச் சோதனை வாயுவைத் திறந்தாள். கருவி கத்தியது. ஆக்ஸிஜன் இறங்கியது, இரண்டு எண்கள் ஏறின. நாலாவது, எரியும் வாயு, அசையவில்லை. திரும்பவும் செய்தாள். பூஜ்ஜியம்.

இதன்மேல் ஏதாவது ஸ்ப்ரே அடித்தீர்களா என்று கேட்டாள். செல்வத்துக்குப் போன் போட்டேன். பூசைக்கு முன்னால் கார் டேஷ்போர்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயால் துடைத்தானாம். பளபளன்னு இருக்கணும் என்று. அதிலுள்ள சிலிக்கோன் அந்த சென்சாரைக் கொன்றுவிடுமாம். கழுவினாலும் திரும்பாது. புதிது வர ஒரு வாரம். அதுவரை வாடகைக்கு வேறொன்று தருவார்கள்.

குணாவுக்குப் போனில் சொன்னேன். பூசை முடிந்தும் இதோடுதான் இறங்கினோம், ஒன்றும் ஆகவில்லையே என்றான்.

"செல்வம் உசுரோட ஏறி வந்ததுக்கு இந்த டிடெக்டர் காரணம் இல்ல குணா."

போனை வைத்துவிட்டேன். வாடகைக்கு எடுத்தேன். புது டின்னும்.

வந்ததும் இரண்டு கருவிகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குணா பார்த்தான். "மொதல்ல சாப்பிடுங்க ரெண்டு பேரும்," என்றாள் மாலா. மாவு அரைக்க இன்னும் கொடுக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

எழுந்ததும் மேசையைப் பார்த்தேன். பழையது மட்டும் கிடந்தது. டின்னையும் காணோம். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் எதிலும் மனம் ஒட்டவில்லை. காப்பியில் இரண்டு தரம் சீனி போட்டிருக்கிறேன்.

மதியத்துக்கு முன் போன். குணா. பின்னால் கீச்சுக் கீச்சென்று ஒரே கத்தல்.

"கேக்குதா அத்தை?"

"உள்ள யாரு?"

"யாரும் எறங்கல. தொட்டி மூடியத் தெறந்து டிடெக்டர் குழாய உள்ள விட்டோம், அப்பவே கத்த ஆரம்பிச்சிருச்சு. அந்த நாலாவதுதான். செல்வம் பக்கத்துலதான் நின்னான். உக்காந்துட்டான்."

புளோவர் போட்டுக் காற்று விடச் சொன்னேன். போட்டாச்சு என்றான். இன்றைக்கு இறங்கப்போவதில்லையாம்.

"காலையில டின்ன வச்சுக் கூப்பிட்டேன் அத்தை. உள்ளேன் டீச்சர்னுச்சு."

சிரிக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாகத் தொண்டை வறளச் சொன்னதை அந்தக் கருவி ஒரு கத்தலில் சொல்லிவிட்டது.

சாயங்காலம் செல்வம் வாடகைக் கருவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். நீட்டிய விதத்திலேயே சந்தேகம். முகப்பைப் பார்த்தேன். சுத்தம். நான்கு துளையும் தெரிகிறது.

திருப்பினேன். பின்பக்கம், துளையே இல்லாத இடத்தில், நடுவில், சின்னதாகச் சந்தனம்.

துடைக்கவில்லை. சார்ஜில் போட்டேன்.