பிடுங்காமல் விட்ட இரண்டு வரிசை

அக்கா,

இன்று காலை பரிசோதனைக்கு வந்த வெண்டை இலையைக் கல்வத்தில் இட்டு அரைத்தேன். அந்தப் பச்சை வாடை எழுந்ததும் கை நின்றுவிட்டது. நீங்கள் இறந்த செய்தியை உங்கள் வீட்டுக்காரர் போனில் சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

முதன்முதலில் பாகூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, ஈரத்துணியில் சுற்றிய வெண்டை இலைகளோடு எங்கள் பயிர்நோய் ஆய்வகத்துக்கு வந்தீர்கள். நரம்பெல்லாம் மஞ்சள்.

"மஞ்ச நோயே வராதுன்னு சொல்லித்தான் சார் வெதய குடுத்தாங்க. பின்ன எப்படி வந்துச்சு?"

எனக்கும் அதுதான் கேள்வி. நோயைத் தாங்கும் ரகத்தையே பிடித்திருக்கிறது என்றால், அந்த வைரஸ் மாறிப்போன வேறு வகையாக இருக்க வேண்டும்.

மறுநாளே உங்கள் நிலத்துக்கு வந்தேன். ஒரு மூலையில் இரண்டு வரிசைதான் மஞ்சளடித்திருந்தது. நீங்கள் பிடுங்கக் குனிந்தீர்கள். நான்தான் தடுத்தேன்.

"விட்டு வைங்கக்கா. இன்னும் ரெண்டு தடவ எல எடுக்கணும். என்ன வகைன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் நல்லது."

படித்தவன் சொல்கிறான் என்று நிமிர்ந்துவிட்டீர்கள்.

மூன்றே வாரம். வெள்ளை ஈக்கள் அந்த மூலையிலிருந்து நிலம் முழுக்க நோயைப் பரப்பின. வரப்பைத் தாண்டி உங்கள் கொழுந்தனார் வெண்டையிலும் ஏறியது. அவர் உங்களோடு பேச்சை நிறுத்தினார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று ஓடி வந்து சொன்னேன், பதிவான எந்த வகையோடும் இது பொருந்தவில்லை, புதியது என்று. என் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"இதுக்கு மருந்து?"

"கெடையாதுக்கா."

"அப்ப எதுக்கு சார் விட்டு வச்சோம்?"

கொண்டுவந்த முடிவுத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்த வகைக்கு இப்போது பெயர் உண்டு. அதைத் தாங்கும் விதைதான் இல்லை. இலை கொண்டுவருகிறவர்களிடம் முதலில் "செடியப் பிடுங்கிப் போட்டுடுங்க" என்கிறேன். பெரும்பாலும் அதற்குள் நிலமே மஞ்சளாகியிருக்கிறது.

உங்களைக் கடைசியாகப் பார்த்தது முதலியார்பேட்டை பஸ் நிறுத்தத்தில். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை, நீலச் சீருடைப் புடவை. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். முந்திக்கொண்டீர்கள்.

"நீங்க நல்லதுக்குத்தான சார் சொன்னீங்க."

திட்டியிருந்தால் எங்காவது இறக்கி வைத்திருப்பேன், அக்கா. இதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.