சாம்பியின் வலப்பக்கச் சுற்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே உடம்புக்குக் குறைவில்லை, மனசுக்குத்தான். உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நேற்றுக் காலை பயிற்சி வட்டத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: உன் அப்பா, நீ கொக்கு என்று பேர் வைத்த பயிற்சிக்காரப் பெண், வேலியோரம் முக்காலியில் நோட்டோடு நான். நாலாவது உன் குதிரை சாம்பி. அதற்கு வாயில்லாததால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

கேன்டர் என்கிற அந்த மிதமான ஓட்டத்தில் இரண்டு பக்கமும் தடுமாறாமல் சுற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆறு வாரமாக அப்பா ஏறி ஓட்ட, சாம்பி எடுத்து வைக்கும் எட்டுகளை எண்ணி எழுதுகிறேன். இடப்பக்கம் முப்பதுக்குக் குறைந்ததில்லை. வலப்பக்கம் ஐந்தாவது எட்டிலேயே வட்டம் பிதுங்கி, வேலியை உரசி, கால் பிசகி நின்றுவிடுகிறது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடியே எனக்கு மூச்சு வாங்குகிறது. கழுதைக்குப் பொறந்தது, உன் மக செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா என்று அப்பாவின் வாய் ஓயவில்லை. நேற்று கொக்கு ஏறினாள், அதே வலப்பக்கம் இருபத்தாறு எட்டு, பட்டுப்போல. உடனே அப்பா ஏறினார். நாலு!

குதிரையிடம் கோளாறு இல்லையடி. உன் அப்பாவுக்கு வலது முழங்கால் வலி. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறார், தைலப் புட்டியை ஆணிப் பெட்டிக்குள் ஒளிக்கிறார், எனக்குத் தெரியாதென்று நினைப்பு. வலிக்குப் பயந்து பாரம் முழுக்க இடது கால் நுழைக்கும் அங்கவடியில். தையல் டேப்பால் அங்கவடி வார்களை அளந்தேன், இடது வார் ஒரு விரற்கடை நீண்டிருக்கிறது. ஒருபக்கம் மூட்டையைத் தொங்கவிட்டால் எந்தக் குதிரைதான் நேராகப் போகும்? கொக்குக்கும் தெரியும். நான் சொன்னா என்னை வட்டத்துக்குள்ளயே விடமாட்டார், நீங்களே சொல்லுங்கம்மா என்கிறாள். சொன்னேன். நாப்பது வருஷமா ஏறுறேன், நீ நோட்டைப் பாத்து எனக்குக் குதிரை கத்துக்குடுக்கிறியா என்றார். அதோடு பேச்சு நின்றது. நான் வைத்த சாப்பாட்டை மட்டும் கோபமில்லாமல் சாப்பிடுகிறார்.

இதில் நீ வேறு ஒவ்வொரு தடவையும் விடாதீங்கப்பா, இன்னும் பத்துச் சுற்று என்று எழுதுகிறாய். அந்தப் பத்தும் முழங்காலுக்கும் குதிரை முதுகுக்கும்தான் கேடு. இருபதாம் தேதி ஒருவர் சாம்பியை விலைக்குப் பார்க்க வருகிறார். பிடித்தால் அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். தன் கால் வலிக்கிறது என்று சொல்வதைவிட உன் குதிரையைக் கோணல் என்று தள்ளிவிடுவது அவருக்குச் சுலபமாகப் போய்விட்டது.

உன் பேச்சுக்குத்தான் மடங்குவார். கொக்கு மட்டும் ஏறட்டும், நீங்க டாக்டரைப் பாருங்கப்பா என்று நேராக எழுது. அம்மா சொன்னாள் என்று தெரிந்தாலும் பரவாயில்லை, பேசாமல் இருப்பவரால் இன்னும் எவ்வளவு பேசாமல் இருந்துவிட முடியும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. தெய்வம் உனக்குத் துணையிருக்கும். இது கைக்கு வந்த அன்றே பதில் எழுது.

உன் அம்மா