ஜூஸ் ஃபாக்டரியில் பேர் சொல்லும் குரல்

ஏப்ரல் 9, வியாழன். சித்தூர்.

சித்தூர் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: இன்று காலை டிபன் வேளையில் எங்கள் வீட்டு மிக்ஸி மூடி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தது. சட்னி சுவர்வரை பறந்து வழியனுப்பியது. அடக்க ஆராதனை கிடையாது. அம்மாவின் அடக்க முடியாத கோபம் மட்டும் உண்டு.

வெயில் மோசம். இன்டர் (பிளஸ் டூ) பரீட்சை முடிந்து லீவு. வேலைகள்: புது மூடி வாங்க (நைனா, அதாவது அப்பா). தண்ணீர் பிடிக்க (நான்). சும்மா இருக்க (நான், முழுநேரம்).

சபை வாசலில் பாஸ்டர் ஐயா பிடித்துக்கொண்டார். 19ஆம் தேதி திருப்பதியில் வாலிபர் கூட்டம். தலைப்பு: தினமும் தேவனோடு நடந்தால் பிறருக்குச் சாட்சி தானாக வரும். சித்தூர் சார்பில் எபி என்கிற நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். என் நடையைப் பார்த்து மாறிய ஒருவரைப் பற்றி.

இதுவரை என் நடையைப் பார்த்து மாறியது தெரு நாய் ஒன்றுதான். பாதையை மாற்றிக்கொண்டது.

தினமும் தேவனோடு என்றால் எங்கள் வீட்டில் விடிகாலை ஜெபம். வெயில் காலம் என்பதால் எல்லோருக்கும் மொட்டைமாடியில்தான் படுக்கை. இருட்டிலேயே அம்மா எழுப்பி உட்கார வைப்பாள். போர்வைக்குள் உட்கார்ந்தபடி நான் தூங்குவேன். அம்மாவின் ஜெபம் ஒரு டவுன் பஸ். குழாயடியில் புறப்பட்டு வீட்டுக்கு வீடு நிற்கும். அந்த வீட்டு ஆள், அவர் வலி, அவர் கவலை, ரைட் போலாம். கடைசி ஸ்டாப் சலூன்காரர் வீடு. அதைத் தாண்டினால் ஜூஸ் ஃபாக்டரி. அங்கே பஸ் போகாது, அம்மாவுக்கு அங்கே யாரையும் தெரியாது. முடிவில் "ஆமென்" சொல்வது என் வேலை. தூக்கத்திலேயே கரெக்டாகச் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 10, வெள்ளி.

சிநேகிதன் பாலாஜி வந்தான். கண்டுபிடிப்பு ஒன்று!

ஜூஸ் ஃபாக்டரி காம்பவுண்டு எங்கள் மாடியை ஒட்டி இருக்கிறது. மாம்பழ சீசனுக்கு இன்னும் நாள் இருப்பதால் ஆள் இல்லை. காலி இரும்பு டிரம்கள், வாட்ச்மேன், பூனை. மாடி மூலையில் தொடங்கும் பழைய குழாய் ஒன்று சுவரைத் துளைத்து டிரம்களுக்கு நடுவில் போய் முடிகிறது. இங்கே வாய் வைத்துப் பேசினால் அங்கே டிரம் பேசும்.

வாட்ச்மேன் பேர் முனிரத்தினம். சத்தியவேடு பக்கம். டீக்கடையில் நானே கேட்டு வாங்கிய பேர். தெருவில் மற்றவர்களுக்கு அவர் வெறும் வாட்ச்மேன்.

விளக்கு வைக்கிற நேரம். அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "முனி... ரத்தினம்..."

"எவர்ரா அது? தோ வரேன்!" டார்ச் வெளிச்சம் டிரம் டிரம்மாகப் போயிற்று.

பாலாஜி வாயைப் பொத்திக்கொண்டு, "டேய், முனிக்கே முனி காட்றியே, பாவம்டா" என்றான்.

"மிமிக்ரி மன்னன் வேலை செய்யறப்ப பேசாதே."

இன்னொரு தடவை கூப்பிட்டேன். இந்த முறை பதில் இல்லை. டார்ச் அணைந்தது. பூனை மட்டும் எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 11, சனி.

ஃபாக்டரி கேட்டில் சாக்பீஸில் பெரிதாக, தெலுங்கில்: ரேப்பு ரா. நாளைக்கு வா. பேர் சொல்லிக் கூப்பிடும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். மறுநாளும் அதையே படிக்குமாம். பேய்களுக்குப் படிப்பு வரும், புத்தி வராது போல.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். தட்டு விழும் சத்தம்.

மாஸ்டர் பிளான். ஆள் பயந்தாயிற்று. திங்கட்கிழமை சபையில் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதியோடு போவேன். "இயேசு பயத்தைப் போக்குவார் மாமா" என்பேன். சபைக்குக் கூட்டி வருவேன். 19ஆம் தேதி திருப்பதியே கைதட்டும். சாட்சியா, சூழ்ச்சியா என்று பாலாஜி கேட்கிறான். ஓர் எழுத்து முன்னே பின்னே.

ஏப்ரல் 13, திங்கள்.

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் போனேன். முனிரத்தினம் மாமா கேட் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண் குழிக்குள் போயிருந்தது. பக்கத்தில் மூடியபடி சோற்று டப்பா.

"துன்னலையா மாமா?"

"எறங்கல தம்பி. மொத நாளு கூப்புட்டப்ப நான் பதில் சொல்லிட்டேன். ஆளு தெரியாம இருட்டுல பேர் சொன்னா பதில் சொல்லக்கூடாது. எங்க ஊர்ல கொயந்தைக்குக்கூட தெரியும். வாய் தவறி வந்துச்சு."

"சொன்னா என்னா ஆவும்?"

"அது ஒரு நாளு கூட்டிக்கினு பூடும்." மிகச் சாதாரணமாகச் சொன்னார், பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல. "போறது பத்தி ஒண்ணும் இல்ல. எம்புள்ளைய ஒரு வாட்டி பாத்துட்டுப் போலாம்னா, நான் ஃபோன் பண்ணா எடுக்க மாட்றான். கை நீட்டிட்டேன் அன்னிக்கு. அப்ப போனவன்தான்."

கைப்பிரதி பாக்கெட்டிலேயே கசங்கியது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்:

"சாயங்காலம் வர்றதுகூட பரவால்ல. நேத்தும் இன்னிக்கும் விடிகாலைல வந்துச்சு பாரு. அது மெதுவா பேசுது. அதான் பயமா கீது."

சனிக்கிழமைக்குப் பிறகு நான் குழாய்ப் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்.

பாலாஜியைப் பிடித்து உலுக்கினேன். "ஏழுமலையான் சத்தியமா நான் இல்லடா. விடிகாலைல நான் எந்திரிச்சதை எங்கம்மாவே பாத்ததில்ல." அது உண்மை.

குழாய்க்குள் கோணியைத் திணித்து அடைத்துவிட்டேன். காற்றே இல்லாத நாள். ஆனாலும் கோணியின் நுனி உள்ளே இழுபட்டு வெளியே வந்து, உள்ளே இழுபட்டு வெளியே வந்து, மூச்சு விடுவதுபோல. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கீழே இறங்கி வந்து வேண்டுமென்றே டிவியைச் சத்தமாக வைத்தேன்.

மிக்ஸி மூடி இன்னும் வாங்கவில்லை. அம்மியில் சட்னி. என் கை.

ஏப்ரல் 16, வியாழன்.

மாமாவே கூப்பிட்டார். "நீ செல்லு விசயத்துல கெட்டி. இதக் கேட்டு யாருன்னு சொல்லு." இன்று விடிகாலை செல்லில் பிடித்து வைத்திருக்கிறார். நான் குழாயை அடைத்திருந்தும், குரல் சுவருக்கு மேலாகவே வந்ததாம்.

முதலில் இரைச்சல். தூரத்தில் லாரி. பிறகு ஒரு குரல், அவசரமே இல்லாமல்.

"குழாயடி வீட்டு சுகுணாக்கா முட்டி வலி, இரங்கும் ஆண்டவரே. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கண்ணு..."

அம்மாவின் பஸ். அதே வரிசை, அதே ஸ்டாப். ஆனால் அம்மாவின் குரல் இல்லை. சலூன்காரர் வீடு வந்தது. அங்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"முனிரத்தினம். பயந்துக்கினு கீறாரு. அவரு மவன் தேவராஜு ஃபோனை எடுக்கணும். கைய மறந்துட்டு அப்பா குரலை மட்டும் கேக்கணும். ஆமென்."

மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யார்ரா?"

"தெரியல மாமா" என்றேன். பொய். அந்த ஆமெனை எனக்கு நன்றாகத் தெரியும். சித்தூரில் யார் குரலை வேண்டுமானாலும் செய்கிற மிமிக்ரி மன்னனுக்குத் தன் குரல் கடைசிச் சொல்லில்தான் பிடிபட்டது. கேலி இல்லாத என் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி.

அரிசி களையும்போது அம்மாவிடம் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமைல இருந்து தூக்கத்துல பேசுறே. நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடறே."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"ஆண்டவரோட பேசிக்கினு இருக்கறவனை நடுவுல எப்புட்றா எழுப்பறது?"

"அம்மா, அது உன்னோட ஜெபம். சும்மா காதுல வுழுந்து ஒட்டிக்கிச்சு."

"சலூன்காரர் வீடு வரைக்கும் என்னோடது" என்றாள். "அதுக்கப்புறம் நீ போற எடத்துக்கு நான் போனதே இல்ல. யாரு அந்த முனிரத்தினம்?"

அடுப்பைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நைனா டியூட்டி முடிந்து வந்து கேட்டுவிட்டு, "நான் பஸ் ஓட்டிக்கினே ஜெபம் பண்றேன், இவன் தூங்கிக்கினே பண்றான், உன் குடும்பம் பரவால்ல" என்றார் அம்மாவிடம். நான் சிரிக்கவில்லை. அவர் சட்டென்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

ஏப்ரல் 18, சனி.

போய்ச் சொல்லிவிட்டேன். குழாய், டிரம், பாலாஜி, எல்லாம்.

"உங்களைக் கூட்டிக்கினு போக யாரும் வரல மாமா. மொத ரெண்டு நாளு நான் முழிச்சிக்கினு வெளையாடினேன். அப்பறம் தூக்கத்துல நான்தான்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் டிரம்கள் பக்கம் திரும்பினார்.

"வெளையாடினதுக்கு உன் தோலை உரிக்கணும். அது இருக்கட்டும். தேவராஜுன்ற பேரை உனக்கு யார் சொன்னாங்க?"

"நீங்கதான் மாமா."

"நான் எம்புள்ளைன்னுதான் சொன்னேன். அவன் போனதுல இருந்து அந்தப் பேரை என் வாயால சொன்னதே இல்ல. செல்லுலகூட நம்பர்தான், பேர் இல்ல."

வெயிலில் ஒரு டிரம் 'டங்' என்று விரிந்தது. ரெண்டு பேருமே குதித்தோம்.

"அத நீ கேக்கலடா" என்றார் மெதுவாக. "உன் வழியா வேற யாரோ கேட்டுக் கீறாங்க." பிறகு சோற்று டப்பாவை இழுத்துத் திறந்தார். "நேத்து அவனே ஃபோன் பண்ணான். அரை நிமிசம். துன்னியாப்பான்னு கேட்டான்."

ஏப்ரல் 19, ஞாயிறு. திருப்பதி.

நைனா பஸ்ஸிலேயே போனேன். மலை தெரிந்ததும் வண்டி முழுக்க கோவிந்தா. என் மடியில் வேதாகமமும் எழுதித் தயார் செய்த சாட்சியும்.

கூட்டத்தில் ஒரு பெண் மனப்பாடமாக அழுதாள். அடுத்து நான். மைக் முன்னால் நின்றதும் தாளை மடித்துவிட்டேன். "எனக்குச் சாட்சி இல்லீங்க. நான் தூங்கிக்கினு இருந்தேன்." ஹால் முழுக்க சிரிப்பு. ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவை நான் ஜோக் சொல்லவில்லை. பாஸ்டர் ஐயா மட்டும் சிரிக்காமல், உட்கார் என்று கை காட்டினார்.

ஏப்ரல் 20, திங்கள்.

இன்று யாரும் எழுப்பாமல் நானே எழுந்தேன். முழு விழிப்போடு, என் சொந்த வாயால், குழாயடியிலிருந்து ஃபாக்டரி கேட் தாண்டி முனிரத்தினம் மாமா, தேவராஜு வரை நானே ஓட்டிக் காட்டுவதாக நேற்றே பாலாஜியிடம் பெருமை அடித்திருந்தேன். முட்டி போட்டேன். சுகுணாக்கா. தாத்தா. மூன்றாவது வீட்டில் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மா பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் ஈரம். மீதித் தெருவை யார் முடித்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.