டிக் என்று ஒரு சத்தம்

அக். 1, புதன். புழுக்கம்.
காலை ஆறரைக்கே துறைமுகம். எங்கள் பாய்மரப் படகுக்கு வயது முப்பத்தொன்று. பாய் புதுசு, இஞ்சின் கிழம். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்து மாட்டிவிட்டார் அந்தோணி. காசிமேட்டு டீசல் மெக்கானிக். இஞ்சின் உடம்பில் எர்த் கேபிள் உட்காரும் இடத்தைத் துரு போகச் சுரண்டி, பளபளவென்று ஆக்கியிருக்கிறார்.
இன்று ஆயுத பூஜை. பேட்டரி, ஸ்பேனர், இஞ்சின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இஞ்சின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. சுத்தமாக இருந்த ஒரே இடம் பார்த்து வைத்தேன்.
சுண்டல் டப்பாவைக் கிளினிக்கிலேயே மறந்துவிட்டேன். நாளை நாறும்.

அக். 4, சனி. மேகமூட்டம்.
பழைய ஒயர் மொத்தமும் பிடுங்கியாயிற்று. புது ஒயர் என் கையால். எர்த் கேபிளையும் நானே முடுக்கினேன். கேபின் விளக்கு எரிந்தது! பாய்மர உச்சி விளக்கும்! தனியாகச் சிரித்தேன்.
வாங்க: ஃப்யூஸ் 4, டேப், ராகவனுக்கு வாந்தி மாத்திரை.
சாப்பிடும்போது ராகவன்: "பதினொண்ணாம் தேதி துறைமுக இன்ஸ்பெக்டர் வரார்னியே. சாவியைத் திருப்பினா ஓடணும், இல்லேன்னா படகு நிறுத்தற இடத்தை எடுத்துண்டுடுவா. அப்போ வித்துடலாம். பேச்சு மாறப்படாது ஜெயா."
"மாற மாட்டேன்." கல்யாணமாகி முப்பது வருஷம், இன்னும் இந்த மனுஷரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறேன்.

அக். 7, செவ். தூறல்.
சாவியைத் திருப்பினேன். டிக். அவ்வளவுதான். பத்துத் தடவை, டிக். விளக்கு நன்றாக எரிகிறது. ஆக பேட்டரி நல்லது. ஆக மோட்டார்தான். அந்தோணியை வரச் சொன்னேன்.
"மோட்டார் நல்லா கீது டாக்டரம்மா. ஓட வுட்டுப் பாத்துதான் எடுத்தாந்தேன். ஒயர பாக்கலாம்."
"ஒயர் நான் போட்டது. மோட்டாரைப் பிரிச்சது நீங்க, கெடுத்ததும் நீங்கதான். மீன்பிடி போட்ல தட்டிக்கொட்டி ஓட்டற மாதிரி இல்ல இது."
முகம் சுண்டிவிட்டது அவருக்கு.
"பல்லு புடுங்கறவங்க ஒயரு போடலாம், மெக்கானிக்கு அத்த தொடக்கூடாதா? நல்லா கீது நாயம்." ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.
கிளினிக்கில் இரண்டு பல். மனசே ஓடவில்லை.

அக். 9, வியா. வெயில்.
மீட்டரோடு ஒவ்வொரு முனையாக. ராகவனைச் சாவி திருப்பச் சொன்னேன். டீசல் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே திருப்பினார். எர்த் கேபிள் இஞ்சினில் சேரும் இடத்தில்தான் தடை. விளக்குக்குத் தனி ஒயர், அதனால் எரிகிறது. மோட்டாருக்குக் கரண்ட் போக இது ஒன்றுதான் வழி. போல்ட்டைக் கழற்றினேன். அடியில் மஞ்சளாக, காய்ந்து இறுகி, சந்தனம். நடுவில் குங்குமம்.
என் பொட்டு. கர்மம், கர்மம்!
ரா. எட்டிப் பார்த்தார். "பேஷ். இதுக்கா அந்த மனுஷனைத் திட்டினே?"
பல் காறை எடுக்கும் கருவியால் சுரண்டி மாட்டினேன். முதல் திருப்பிலேயே ஓடியது. ஆனால் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பின்பக்கக் குழாய் துப்பவில்லை. சூடேறுமுன் அணைத்துவிட்டேன். இது அந்தோணி வேலை. நான் தொட்டால் இன்னொரு பொட்டு வைத்தது போலத்தான்.
ஃபோன் போட்டேன். "அந்தோணி, தப்பு என்னுது. மோட்டார்ல ஒண்ணுமில்ல. எர்த்ல சந்தனம்."
அவர்: "மீன்பிடி போட்னு சொன்னீங்களே, அதுக்கு?"
"அதுவும் தப்புதான். மன்னிச்சுக்கோங்க."
வைத்துவிட்டார். வருவாரா, தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அக். 11, சனி. நல்ல காற்று.
ஏழு மணிக்குப் போனால் அந்தோணி ஏற்கெனவே படகில், முழங்கைவரை கிரீஸ். தண்ணீர் பம்பில் ரப்பர் கிழிந்திருந்ததாம், மாற்றிவிட்டார்.
பத்தரைக்கு இன்ஸ்பெக்டர். சாவியைத் திருப்பினேன். ஓடியது. தண்ணீர் துப்பியது. விளக்கு எல்லாம் எரிந்தது. இடம் எங்களுக்கே. கரையில் நின்ற ரா. வாந்தி மாத்திரையைப் பிரித்தார்.
"யார் வேலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"இவரோடது."
"எர்த் மட்டும் டாக்டரம்மா" என்றார் அந்தோணி, சிரிக்காமல்.
இன்ஸ்பெக்டர் போனதும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருசம் பூஜைக்கு என்னிய கூப்டுங்க. பொட்டு நான் வெக்கறேன். நீங்க கை வெக்காதீங்க."