ஐம்பத்தாறாம் வருடத்துக் காசு

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மலைப் பக்கம் மேகம். ராஜபாளையத்துக்குள் ஒரு சொட்டு இல்லை.

ஆல்பத்துக்குப் புது உறை மாற்றினேன். சிலி நாட்டு ஒரு பெசோ காசுகள், அலுமினியம்: 54, 55, 57, 58. நடுவில் 56-இன் இடம் காலி. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு பை நிறையக் கொண்டுவந்து எனக்கும் தம்பிக்கும் கொடுத்தது. வீடு பாகம் பிரிந்தபோது தம்பி, இருந்த ஒரே 56-ஐ எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். கேட்டால், "தொலைஞ்சு போச்சுண்ணே." பொய். அதோடு பேச்சு நின்றது.

நாணயக் குழுவில் படம் போட்டேன். ஒருவர் பதில்: "சார், இது அபூர்வம் இல்ல. கிலோ கணக்குல கெடைக்கும்." எனக்குத் தெரியாதா? இணையத்தில் டீ, வடை விலைக்கு வருகிறது. வாங்க மாட்டேன். வாங்கினால் அவன் செய்தது சரி என்றாகும்.

ஆகஸ்ட் 20, புதன்

தம்பியும் அவன் மனைவியும் பத்திரிகையோடு வந்தார்கள். மகள் காவ்யாவுக்குக் கல்யாணம், 29-ஆம் தேதி. மாப்பிள்ளை ஊர் வ. புதுப்பட்டி. பால்கோவா ஒரு கிலோ. எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தே.

"அண்ணே, நீங்க முன்னால நின்னு நடத்தணும்."

"56 எங்கடா?"

அவன் மனைவிதான் பேசினாள். "பிள்ள கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கோம் அத்தான். இப்பவும் அந்த ஈயக் காசுதானா?"

"ஈயம் இல்ல. அலுமினியம்."

அடுப்படியிலிருந்து செல்வி: "ஏங்க, செத்த நேரம் சும்மா இருங்க."

கட்டிய மனைவியும் அவர்கள் பக்கம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சவரம். தண்ணீர் மோட்டார் மறுபடியும் ரிப்பேர். கல்யாணத்துக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

செல்வி: "நீங்க இருங்க. நான் போறேன். பெரியப்பா எங்கன்னு பிள்ள கேட்டா, ஆல்பத்தத் தொடச்சிட்டு இருக்காருன்னு சொல்லுதேன்."

மத்தியானம் 57-ஐச் சட்டித் தண்ணீர்மேல் மெதுவாகப் படுக்க வைத்துப் பார்த்தேன். மிதந்தது. சின்ன வயதில் இதுதான் எங்கள் பந்தயம். அவன் காசு ஒரு தடவைகூட மிதந்ததில்லை. கை பதறும். அழுவான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போனேன். பட்டு வேட்டி, செல்வியின் பிடிவாதம். மண்டபத்தில் பாதி மின்விசிறி ஓடவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம். "எம்புட்டு நாளாச்சு உங்களப் பாத்து" என்று ஆளுக்கொரு விசாரிப்பு.

தாலி கட்டிய பிறகு, தண்ணீரில் மோதிரம் போட்டுப் பெண்ணும் மாப்பிள்ளையும் தேடும் விளையாட்டு. வாய் அகன்ற பித்தளைப் பானை. மோதிரத்தோடு ஒரு காசும் வேண்டும் என்றார்கள். தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காசை எடுத்தான். போடவில்லை. குனிந்து, மூச்சை அடக்கி, தண்ணீர்மேல் படுக்க வைத்தான்.

கூட்டத்தில் யாரோ: "ஏ, காசு மெதக்குது பாருங்க!"

கிட்டே போய்ப் பார்த்தேன். 1956. தொலையவே இல்லை. பொய்யன்.

அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "மெதந்துட்டுண்ணே."

"ம்."

காவ்யா கையை விட்ட வேகத்தில் மேலே கிடந்ததையே எடுத்தாள். யாரோ ஒரு கிழவி, "ஏட்டி, மோதிரம் அடியில கெடக்கு. தகரத்த எடுத்துட்டு நிக்கியே!" ஒரே சிரிப்பு. அவளும் சிரித்து, துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தம்பி கை நீட்டினான். "அதக் குடும்மா. பெரியப்பாவுக்குன்னு கொண்டாந்தது."

"அவளே வச்சுக்கிடட்டும்டா."

ஏன் சொன்னேன்? இத்தனை வருடம் கேட்டது இதற்கா?

ஆகஸ்ட் 30, சனி

வயிறு சரியில்லை. சாம்பார்தான். மோட்டார்க்காரர் இன்றும் வரவில்லை.

56-இன் இடம் காலி. காசு இனி வ. புதுப்பட்டியில். இணையத்தில் 56 ஆர்டர் போட்டேன். இரண்டு. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரிக்கு. கிடைத்ததும் தம்பி போன் பண்ணுவான். எடுக்க மாட்டேன்.